வெயில்ல வச்சுப் பாக்காம மானிட்டருக்கு பைசா குடுக்காத மக்கா

முட்டம் பாறை மேல நிக்கேன், மத்தியானம் 3 மணி, கல்யாணம் முடிஞ்ச ஒரு ஜோடிக்கு அவுட்டோர் ஷூட்டு, கேமரா மேல வாங்கி நாலு நாள் கூட ஆகாத 7 இன்ச் மானிட்டர். ஆன் பண்ணிப் பாத்தா அதுல மாப்பிள்ளையும் இல்ல பொண்ணும் இல்ல, நான் தான் இருக்கேன். என் மூஞ்சி, என் வெள்ளைச் சட்டை, பின்னாடி வானம். கையை வச்சு மறைச்சேன், தொப்பியை வச்சு மறைச்சேன், கடைசியில கூட வந்த பையன்கிட்ட துண்டை வாங்கி தலையோட போத்திக்கிட்டு அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் மாதிரி குனிஞ்சு நின்னு எடுத்தேன், பாறையில உக்காந்திருந்த ஆளுக எல்லாம் சிரிக்காங்க. ராத்திரி வீட்டுல வந்து லேப்டாப்புல போட்டா பாதி கிளிப்புல ஃபோகஸ் பொண்ணு மேல இல்ல, பின்னாடி பாறையில நிக்குது.

இப்பம் மாசத்துக்கு ரெண்டு தம்பியாவது போன் போட்டு "அண்ணே, பட்ஜெட்ல ஒரு நல்ல மானிட்டர் சொல்லுங்க"ன்னு கேக்கானுக. கேக்கவன் எல்லாம் டச் இருக்கா, லட் (படத்தோட நிறத்தை மாத்திக் காட்டுற ஃபைல்) ஏத்தலாமா, 4கே வருமான்னு தான் கேக்கான், ஒருத்தனும் எத்தனை நிட்ஸ், அதாவது எவ்வளவு வெளிச்சம்னு கேக்க மாட்டேங்கான். அதுனால எல்லாத்தையும் ஒரு இடத்துல எழுதிப் போட்டிடுவோம்னு உக்காந்தேன்.

முதல்ல உனக்கு மானிட்டர் வேணுமா

இதை ஏன் கேக்கேன்னா, திருப்புற ஸ்க்ரீன் உள்ள கேமரா, ஆளோட கண்ணை நல்லா பிடிக்கிற ஆட்டோஃபோகஸ், ஒத்தை ஆளா, கேமரா ஆடாம பிடிக்கிற கிம்பல்ல ஓடி ஓடி எடுக்கிறவன், இந்த மூணும் நீன்னா அந்தப் பைசாவுக்கு ஒரு லென்ஸோ நல்ல மைக்கோ வாங்கு. மானிட்டர் தேவைப்படுற ஆளு வேற. மேனுவல் லென்ஸ் போட்டு கையால ஃபோகஸ் திருப்புறவன், கேனான் 5டி மார்க் 2, மார்க் 3 மாதிரி ஸ்க்ரீன் திரும்பாத கேமராவை இன்னும் ஓட்டுறவன், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில தரையோட கேமராவை வச்சு 115 அடித் தூணை அண்ணாந்து எடுக்கணும்னு ஆசைப்பட்டு மண்ணுல படுத்து கழுத்து பிடிச்சுப் போனவன், கூட ஒரு ஆளை வச்சு எடுக்கும்போது அவனுக்கும் படம் தெரியணும்னு நினைக்கிறவன். இவங்களுக்கு வாங்குன அன்னைக்கே வித்தியாசம் தெரியும்.

கையில சுத்தமா பைசா இல்லன்னா ஒரு வழி இருக்கு, கேமரா படத்தை வெளிய அனுப்புற ஹெச்டிஎம்ஐயை யூஎஸ்பியா மாத்துற சின்ன கேப்சர் டாங்கிள் ஒண்ணு, ஓடிஜி, அதாவது யூஎஸ்பி சாதனத்தை நேரா மாட்டுற வசதி உள்ள பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு, ரெண்டையும் கோத்தா போனே மானிட்டர் ஆயிடும். படம் கொஞ்சம் பிந்தி வரும், அதுனால ஓடுற ஆளை ஃபோகஸ் பிடிக்க ஆகாது, ஆனா ட்ரைபாட்ல நிக்க வச்சு இன்டர்வியூ எடுக்கவனுக்கு போதும். நான் ஒரு வருஷம் அப்பிடித் தான் ஓட்டுனேன்.

நிட்ஸ், அதாவது வெளிச்சம்

ஸ்க்ரீன் எவ்வளவு பளிச்சுன்னு எரியும்ங்கிறதுக்கு உள்ள அளவு தான் நிட்ஸ். குறைஞ்ச விலை மானிட்டர்ல பெரும்பாலும் 400லேருந்து 500 வரைக்கும் இருக்கும். ரூமுக்குள்ள, மண்டபத்துக்குள்ள, தென்னந்தோப்பு நிழல்ல இது ஜோரா இருக்கும். வெளிய வந்தா கதையே வேற.

ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாப்போம். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வெள்ளைச் சட்டை அதுல 80 சதவீதத்தை திருப்பி அடிக்கும்னு வச்சுக்கோ, அப்பம் அந்தச் சட்டையோட வெளிச்சம் 25,000 நிட்ஸ் கிட்ட வரும். பளபளன்னு இருக்கிற கண்ணாடி ஸ்க்ரீன் தன் மேல விழுறதுல 4 சதவீதம் பக்கம் திருப்பி விடும். 25,000ல 4 சதவீதம் 1,000. ஆக ஸ்க்ரீன்ல தெரியிற உன் சட்டையோட பிம்பம் மட்டும் 1,000 நிட்ஸ்ல எரியுது, உள்ள இருந்து வர்ற படம் 450ல எரியுது. யாரு ஜெயிப்பா. முட்டத்துல எனக்கு நடந்தது இது தான், மானிட்டர் மேல குத்தமில்ல, நான் வெள்ளைச் சட்டை போட்டுட்டுப் போனேன், மானிட்டர்ல வெளிச்சமும் இல்ல. இதே கணக்கை 5 சதவீதம் திருப்புற கருப்புச் சட்டைக்கு போட்டா பிம்பம் 60, 65 நிட்ஸ்ல அடங்கிடும். அதுனால பைசா செலவில்லாத முதல் அப்கிரேடு ஒரு கருப்பு டீ ஷர்ட், சிரிக்காத, நெசமாத் தான் சொல்லுதேன். வெள்ளை வேட்டி கட்டிட்டு கல்யாண ஷூட்டுக்குப் போற அண்ணனுகளுக்கும் சேத்துத் தான்.

அடுத்தது வெயில் எந்தப் பக்கம்ங்கிறது. கன்னியாகுமரியில சூரியோதயம் எடுக்க கடலைப் பாத்து நிக்கும்போது வெயிலு மானிட்டரோட முதுகுல தான் விழும், ஸ்க்ரீன் உன்னைப் பாத்து நிழல்ல இருக்கும், அப்பம் 450 நிட்ஸும் ஓரளவு தாங்கும். அதே விடியக்காலம் திரும்பி நின்னு மேற்க உள்ள ஆளுக மூஞ்சியில வெயில் விழுற மாதிரி எடுத்தேன்னா உன் முதுகுக்குப் பின்னாடி இருந்து வர்ற வெயிலு நேரா ஸ்க்ரீன்ல வந்து அடிக்கும். நாம எடுக்கிற ஷூட்ல முக்கால்வாசி இந்த ரெண்டாவது வகை தான், ஏன்னா கஸ்டமருக்கு மூஞ்சி பளிச்சுன்னு வேணும். சொத்தவிளை, சங்குத்துறை மாதிரி கடப்புறத்துல மணலும் கீழ இருந்து வெளிச்சத்தை அடிக்கும், மேல மட்டும் மறைச்சா பத்தாது.

அதுனால என் அளவுகோல் இது. உள் வேலை மட்டும் செய்யுதவனுக்கு 450, 500 போதும். காலையும் சாயங்காலமும் வெளிய எடுக்கவனுக்கு 1,000 நிட்ஸ், கூட ஒரு ஹூடு, அதாவது ஸ்க்ரீனைச் சுத்தி மாட்டுற வெயில் மறைப்பு. மத்தியானம் கடப்புறத்துல நிக்கவனுக்கு 2,000க்கு மேல, அதுக்கும் ஹூடு. 500 நிட்ஸ் சாதனத்துக்கு ஹூடு மாட்டி சமாளிக்கலாம்னு கடையில சொல்லுவாங்க, சமாளிக்கலாம், ஆனா கண்ணை ஹூடுக்குள்ள விட்டுத் தான் பாக்கணும், அப்பிடிப் பாக்கதுக்கு எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் உள்ள கேமரான்னா அதுவே இருக்கே. இன்னொண்ணு, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காத்துல ஹூடு மாட்டுனா அது பாய் மரம் மாதிரி காத்தை வாங்கும், கிம்பல் மோட்டார் கிடந்து திணறும். அங்க ஷூட்டுன்னா ஹூடை கழட்டி பையில போட்டிடுவேன்.

வெளிச்சம் கூடுனதுல உள்ள ஆபத்தையும் சொல்லணும். ராத்திரி கோயில் கொடை, வில்லுப்பாட்டு நடக்குது, சுத்தி இருட்டு, 2,000 நிட்ஸ் மானிட்டரை ஃபுல்லா வச்சுட்டு பாத்தா எல்லாம் பளபளன்னு தெரியும், நீ ஐயோ ஓவர் ஆயிட்டேன்னு எக்ஸ்போஷரை குறைப்பே, வீட்டுல வந்து பாத்தா படம் கரி. இருட்டுல பிரைட்னஸை கால்வாசிக்கு இறக்கு. சர்ச்சுல திருப்பலி நடக்கும்போதும் இறக்கு, பின்னாடி பெஞ்சுல உள்ளவங்க கண்ணுல டார்ச் அடிச்ச மாதிரி இருக்கும், ஒரு தடவை ஒரு பாட்டியம்மா என் தோள்ல தட்டி "மக்களே, அந்த டிவியை அணை"ன்னாங்க.

சைஸும் அட்டைப்பெட்டியில உள்ள 4கேயும்

5 அல்லது 5.5 இன்ச், இல்லன்னா 7 இன்ச், இந்த ரெண்டுக்குள்ள தான் பெரும்பாலும் கிடக்கும். கையில பிடிச்சு எடுக்க, கிம்பல்ல போட 5.5 போதும். ட்ரைபாட், கிரேன், ரெண்டு பேரு பாக்கணும்னா 7. வாங்கும்போது 7 இன்ச் ஆசையா இருக்கும், பேட்டரியோட கேமரா தலையில ஏறும்போது தான் தெரியும், மணிக்கட்டு சாயங்காலம் பேசும்.

ரெசல்யூஷன் 1920 × 1080 இருந்தா போதும், 7 இன்ச்ல 1920 × 1200 வரும், மேலயும் கீழயும் கருப்பு பட்டி நிக்கும், அது பழுது இல்ல. 1024 × 600, 1280 × 800ன்னு விலை கம்மியா ஆசை காட்டுற சாதனத்துல ஃபோகஸ் சரியா இருக்கான்னு கண்ணால சொல்ல முடியாது. பெட்டி மேல பெருசா 4கேன்னு போட்டிருப்பான், அதுக்கு அர்த்தம் 4கே சிக்னலை உள்ள எடுத்துக்கும்னு மட்டும் தான், காட்டுறது 1080லேயே தான். அதுவும் குறைஞ்ச விலையில பெரும்பாலும் 4கே 30 ஃப்ரேம் வரைக்கும் தான் எடுக்கும், உன் கேமரா 4கே 60 அனுப்புனா நோ சிக்னல்னு காட்டிட்டு நிக்கும். கேமரா மெனுவுல ஹெச்டிஎம்ஐ அவுட்டை 1080னு மாத்தி வை, பெரும்பாலான கேமராவுல ரெக்கார்டிங் 4கேல நடந்துட்டு தான் இருக்கும்.

உள்ள இருக்கிற டூல்ஸ்ல எதை நம்பணும்

ஃபோகஸ் பீக்கிங், அதாவது ஃபோகஸ் ஆன ஓரத்துக்கு நிறம் பூசிக் காட்டுறது, கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கு. ஆனா குறைஞ்ச விலை மானிட்டர்ல பாதி ஃப்ரேமுக்கு சிவப்பு பெயிண்ட் அடிச்சு விடும், முடி, வேலி, அலை எல்லாம் ஃபோகஸ்னு சொல்லும். சென்சிடிவிட்டி குறைக்க வழி இருக்கான்னு பாரு. ஒரு பட்டன்ல படத்தை ஒண்ணுக்கு ஒண்ணா பெருசாக்குற வசதி பீக்கிங்கை விட எனக்கு உபயோகம்.

எக்ஸ்போஷருக்கு வேவ்ஃபார்ம் (படத்தோட வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடம்), இல்லன்னா ஃபால்ஸ் கலர் (வெளிச்ச அளவுக்கு ஒரு நிறம்னு பூசிக் காட்டுறது), ரெண்டுல ஒண்ணு கட்டாயம் இருக்கணும். ஏன்னா மேல சொன்ன கதை தான், வெயில்ல ஸ்க்ரீன் மங்கலா தெரியும், இருட்டுல பளிச்சுன்னு தெரியும், கண்ணு பொய் சொல்லும், வேவ்ஃபார்ம் சொல்லாது. வெள்ளைப் பட்டு வேட்டி, வெள்ளை கவுன், நம்ம ஊர்ல ரெண்டு கல்யாணத்துலயும் வெள்ளை தான் பிரச்சனை, அது எரிஞ்சு போகுதான்னு பாக்க ஸீப்ராவை, அதாவது வெளிச்சம் கூடுன இடத்துல வரி போட்டுக் காட்டுறதை, 95 சதவீதம் பக்கம் வை. லாக்ல, அதாவது பின்னால நிறம் சேக்க வசதியா வெளிறுன படமா எடுக்கவன் ஒண்ணு கவனி, ஃபால்ஸ் கலர் அட்டவணையில மூஞ்சிக்கு சொல்லியிருக்கிற நிறம் லாக் இல்லாத சாதாரண படத்துக்கு (709ம்பாங்க) உள்ளது, சோனியோட லாக்கான எஸ்லாக்3ல நடு சாம்பலே 41 சதவீதத்துல தான் இருக்கும், அட்டவணையை அப்பிடியே நம்புனா தப்பாப் போகும்.

லட் வேணும்னா சரி, லாக்ல எடுக்கவனுக்கு கஸ்டமர்கிட்ட காட்ட நல்லது. லாக் எடுக்காதவன் லட் வசதிக்கு ஒரு ரூபா கூட்டிக் குடுக்காத. நிறத்தை வச்சு முடிவெடுக்காத, பெட்டியில இருந்து எடுத்த உடனே பல மானிட்டர் கொஞ்சம் நீலமா இருக்கும், கலர் டெம்பரேச்சரை 6500னு வச்சுட்டு விட்டுடு. ரீல்ஸ் எடுக்கவனுக்கு 9:16 கோடு இருக்கான்னு பாரு, படத்தோட ஓரத்துல நிக்கிற பொண்ணோட அண்ணன் செங்குத்து வெட்டுல காணாமப் போயிடுவான், அப்பறம் போன் வரும்.

வயரு

மானிட்டர் போச்சுன்னு என்கிட்ட வர்ற கேஸ்ல பாதி மானிட்டரே இல்ல, வயரு. உன் கேமராவுல எந்த சைஸ் ஹெச்டிஎம்ஐ துளைன்னு முதல்ல குனிஞ்சு பாரு. சோனி ஏ6400, இசட்வி இ10, ஏ7 மார்க் 3, கேனான் ஆர்50, ஆர்6 எல்லாம் மைக்ரோ. கேனான் 200டி, 5டி வரிசை, நிக்கான் இசட்6 மினி. சோனி ஏ7 மார்க் 4, ஏ7எஸ் மார்க் 3, பானாசோனிக் ஜிஹெச்5 முழு சைஸ். மைக்ரோ தான் எமன். ஒரு கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் கூட்டத்துல யாரோ வயரை இழுத்துட்டாங்க, மானிட்டர் கருப்பாச்சு, அது போகட்டும், கேமராவோட போர்ட்டே ஆடிப் போச்சு, அதை சரி பண்ண ஆன செலவுல இன்னொரு சின்ன மானிட்டர் வாங்கியிருக்கலாம். அதுல இருந்து கேமராவைச் சுத்தி மாட்டுற கேஜும் வயரை இறுக்கிப் பிடிக்கிற கேபிள் கிளாம்பும் இல்லாம மைக்ரோ கேமராவுல வயர் குத்தவே மாட்டேன். வயரு 30லேருந்து 45 சென்டிமீட்டர், மெல்லிசா வளையிறது, ஒரே மாதிரி ரெண்டு, ஒண்ணு பையில. பெட்டியோட வர்ற தடி வயரை டிவிக்கு வச்சுக்கோ.

சோனியில ஹெச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளேயை ஆஃப் பண்ணு, இல்லன்னா கேமரா எழுத்தும் மானிட்டர் எழுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். 5டி மார்க் 2 வச்சிருக்கவன் கேட்டுக்கோ, ரெக்கார்ட் அமுக்குன உடனே அது ஹெச்டிஎம்ஐயை 480க்கு இறக்கிடும், மானிட்டர் கெட்டுப் போச்சுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போகாத. சில கேமராவுல வயர் குத்துன உடனே பின்னாடி ஸ்க்ரீன் அணைஞ்சிடும், அதுவும் அப்பிடித் தான்.

பேட்டரி, மவுண்ட்

என்பி எஃப் பேட்டரி பிளேட் உள்ளதா வாங்கு, மத்த யோசனை வேண்டாம், அந்த பேட்டரி எல்லா ஊர்லயும் கிடைக்கும், எல்இடி லைட்டுக்கும் அதே தான். சின்ன எஃப்550 கிட்டத்தட்ட 15 வாட் ஹவர், பெரிய எஃப்970 45க்கு மேல. மானிட்டர் 10 வாட் இழுக்குதுன்னா சின்னது ஒன்றரை மணி நேரம், பெருசு நாலரை மணி நேரம். நிட்ஸ் கூடக் கூட இழுப்பும் கூடும், ஸ்பெக்ல வாட் எவ்வளவுன்னு பாத்து நீயே வகுத்துக்கோ. விலை கம்மியான டூப்ளிகேட் பேட்டரி மேல எழுதியிருக்கிற எம்ஏஹெச்சை நம்பாத. ஆனா பெரிய பேட்டரி 300 கிராம் கிட்ட வரும், அதை மானிட்டரோட சேத்து கேமரா தலையில உள்ள ஹாட்ஷூ மேல ஏத்துனா தலை கனத்து கேமரா குப்புற விழப் பாக்கும். கிம்பல்ல எடுக்கவன் மானிட்டரை கேமரா மேல வைக்கவே வேண்டாம், கைப்பிடியில உள்ள கால் இன்ச் துளையில ஒரு சின்ன ஆர்ம் போட்டு மாட்டு, பேலன்ஸும் கெடாது, கிம்பலோட பாரக் கணக்குலயும் சேராது. பெட்டியில வர்ற பால்ஹெட் மவுண்ட் ரெண்டு மாசத்துல வழுக்க ஆரம்பிக்கும், டில்ட் மவுண்ட் தனியா வாங்கு. மானிட்டர்ல இருந்து 8 வோல்ட் அவுட் இருந்தா கேமராவுல பேட்டரி இடத்துல போடுற டம்மி பேட்டரி வழியா கேமராவையும் ஓட்டலாம், நீள நிகழ்ச்சி எடுக்கவனுக்கு வரப்பிரசாதம்.

கடையில என்ன செய்யணும்

நாகர்கோவில்ல ஆர்டர் போட்டு தான் எடுத்துத் தருவாங்க, நேர்ல பாக்கணும்னா திருவனந்தபுரம் பக்கம். எங்க போனாலும் உன் கேமராவையும் வயரையும் கொண்டு போ. ஏசி ரூமுக்குள்ள எல்லா மானிட்டரும் அழகி தான், ஒரு நிமிஷம் ரோட்டுக்கு எடுத்துட்டு வந்து பாக்கேன்னு சொல்லு, விட மாட்டேன்னா அடுத்த கடை. வெயில்ல உன் போனை ஃபுல் பிரைட்னஸ்ல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாரு. லென்ஸ் மூடியை போட்டு கருப்பு காட்டு, அப்பறம் வெள்ளைச் சுவரைக் காட்டு, செத்த பிக்ஸலும் ஓரத்துல கசியிற வெளிச்சமும் தெரியும். ஃப்ரேம் ஓரத்துல விரலை வச்சு கேமரா ஸ்க்ரீன்லயும் மானிட்டர்லயும் ஒரே இடத்துல வெட்டுதான்னு பாரு, வெட்டலன்னா ஸ்கேன் செட்டிங்கை மாத்தச் சொல்லு. லென்ஸ் முன்னாடி கையை வேகமா ஆட்டு, எவ்வளவு பிந்தி வருதுன்னு தெரியும். வயரை லேசா அசை. 20 நிமிஷம் ஃபுல் பிரைட்னஸ்ல ஓட விடு, சூட்டுல மங்குதா, ஃபேன் இருந்தா மைக்ல கேக்குமா. ஆன்லைன்னா வந்த அன்னைக்கே இதெல்லாம் செஞ்சிடு, ரிட்டர்ன் நாள் முடிஞ்சப்பறம் மொட்டை மாடிக்கு கொண்டு போய் அழுது பிரயோஜனமில்ல. பில்லை பத்திரமா வை.

பேரு சொல்லியே ஆகணும்னா, உள் வேலைக்கு ஃபீல்வேர்ல்ட் எஃப்6 பிளஸ் மாதிரி 5.5 இன்ச், ரப்பர் உறை போட்டது வேணும்னா லில்லிபுட் ஏ7எஸ், வெளி வேலைக்கு ஃபீல்வேர்ல்ட் லட் 7 2,200 நிட்ஸ், 6 இன்ச் லட் 6 2,600 நிட்ஸ். அடோமோஸ் நிஞ்சா வி 1,000 நிட்ஸ், அது ரெக்கார்டரும் கூட, ஆனா ரெக்கார்ட் பண்ற எஸ்எஸ்டி, அதை வச்சு மாட்டுற கேடிங்கிற உறை எல்லாம் சேந்தா பட்ஜெட்ங்கிற வார்த்தையை மறந்துடணும், செகண்ட்ஹேண்ட்ல அமைஞ்சா பாரு. உன்கிட்ட 15,000 இருக்குன்னா 15,000க்கும் மானிட்டர் எடுக்காத, வயரு, பேட்டரி, சார்ஜர், மவுண்டுக்கு கால்வாசி ஒதுக்கிட்டு மிச்சத்துக்குப் பாரு. வெளி வேலைக்கு உள்ளது அந்தக் காசுல அமையலன்னா டல்லானதை வாங்காத, ரெண்டு கல்யாண சீசன் டாங்கிளும் போனும் வச்சு ஓட்டிட்டு நல்லதுக்குப் போ.

வாங்குனப்பறம் உப்புக் காத்தை மறக்காத. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், மணக்குடின்னு ஷூட் முடிச்சு வந்தா அன்னைக்கே லேசா ஈரத் துணியால உடம்பைத் துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடு, ஸ்க்ரீனை மைக்ரோஃபைபர்ல, பேட்டரி முள்ளு மேல பச்சை பூக்குதான்னு பாரு. ஹெச்டிஎம்ஐ துளைக்கு சின்ன ரப்பர் மூடி விக்குது, போட்டு வை. நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை, அதுனால சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பாவுல தான் என் மானிட்டர் தூங்குது, வீட்டுல முறுக்கு போட்டு வச்சிருந்த டப்பா, அம்மா இன்னும் தேடுதாங்க.